பயந்தாங்கொள்ளிப் பட்டாளத்தான்

அவன் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேரைப் போடுகிறேன் பேர்வழி என்று இந்த ஊர் அவனை என்ன பாடு படுத்தியது என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். பஸ் ஸ்டாண்டு சுவர், பாலக்கரை, ஜங்ஷன் ரோடு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் போஸ்டர். ‘அஞ்சா நெஞ்சன்’, ‘பயமறியாச் சிங்கம்’. அடப்பாவிகளா! அவனே அதைப் படித்திருந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்திருப்பான். எனக்குத் தெரிந்து விருத்தாசலத்தில் அவனை மாதிரி பயந்த ஆள் இன்னொருத்தன் கிடையாது.

எல்லாருக்கும் இருக்கிற பயம்தான். மற்ற ஆம்பளைகள் அதை மீசைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு திரிவார்கள். இவன் வாய்விட்டுச் சொல்லிவிடுவான். “பயமா இருக்குதுக்கா.” பசிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொல்வான். அதில் வெட்கமும் இருக்காது, அழுகையும் இருக்காது. சொல்லி முடித்த கையோடு எந்த வேலைக்குப் பயந்தானோ அதையே செய்யப் போய்விடுவான். இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், அவனைப் புரிந்துகொண்ட மாதிரிதான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. அப்பா இல்லாத பிள்ளை. பத்தாவது முடித்ததும் நான் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கே அவனும் வந்து சேர்ந்தான். மோல்டிலிருந்து எடுத்த பொம்மைக்கு ஓரப் பிசிறை வழித்து ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. அவனுக்குச் சூளை வேலை. காலையில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். சேர்ந்து போகிறோம் என்றால் பாசத்தில் இல்லை. தெருமுனையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும், அதற்குப் பயந்துகொண்டு என் சேலை மறைவில் வருவான். “ஏண்டா, தடிமாடு மாதிரி வளந்துட்டு இப்பிடிப் பம்முறியே, வெக்கமா இல்ல?” என்பேன். “கடிச்சா ஒங்கள மொதல்ல கடிக்கட்டுங்க்கா, நீங்க பெரியவங்க” என்பான். அந்த வாய்க்கு மட்டும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஒரு ஐப்பசி மழை. சுடாத சரக்கை நாங்கள் பச்சை என்போம். பச்சையில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், மறுபடியும் மண்ணு. கொலு பொம்மை சீசன் முடிந்து, வேறு ஊர் வியாபாரிக்காகச் செய்த பிள்ளையார் பொம்மை கொட்டகை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் காற்று கிளம்பி கூரைத் தகரம் ஒன்றைப் பெயர்த்துவிட்டது. தகரம் ஒரு பக்க ஆணியில் மட்டும் தொங்கிக்கொண்டு படார் படார் என்று அடிக்கிறது. உள்ளே சாரல். எங்கள் கையெல்லாம் ஓயச் செய்த வேலை கண்ணெதிரே கரையப் போகிறது. ஆம்பளைகள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கயிறு போடலாம் என்றான் ஒருத்தன். காற்று நிற்கட்டும் என்றான் இன்னொருத்தன். ஏணிப் பக்கம் மட்டும் ஒருத்தனும் போகவில்லை.

இவன் என் பக்கத்தில் வந்து ரெண்டு கையையும் நீட்டினான். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. “பாருங்க்கா, எப்பிடி ஆடுதுன்னு. பயமா இருக்குது.”

“பயமா இருந்தா சும்மா நில்லேண்டா. ஒன்ன யாரு ஏறச் சொன்னா?”

“எல்லாருக்கும்தான் பயமா இருக்குது. யாராவது ஏறணுமுல்ல?”

ஏறிவிட்டான். ஒவ்வொரு படிக்கும் “ஐயோ பயமா இருக்குது, ஐயோ அம்மா பயமா இருக்குது” என்று மேலேயிருந்து ஒரே சத்தம். கீழே நாங்கள் பெண்கள் எல்லாரும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு நின்றோம். ஆனால் தகரத்தை இழுத்துப் பொருத்தி, நெஞ்சால் அமுக்கிக்கொண்டு, ஆணி அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினான். யோசனை சொன்னவர்கள் எல்லாம் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “ஏறாத நாய்ங்களுக்கு என்னா பேச்சு வேண்டிக்கெடக்குது?” என்று நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசரே அந்தப் பக்கம் நகர்ந்து போனார்.

கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். ஓடச் சொன்னார்களாம், ஓடினானாம். எடுத்துக்கொண்டார்கள். அவன் அம்மா தெருவில் உட்கார்ந்து அழுதது. பயிற்சி முடிந்து முதல் லீவில் வந்தபோது தலையில் அரக்கு நிறத் தொப்பி. அது என்னடா புதுசா என்று கேட்டேன். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிற பட்டாளம் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏண்டா, தெருநாய்க்கு ஒதுங்கற ஒனக்கு வேற பட்டாளமே கெடைக்கலையா?”

“யாருக்கு இஷ்டம், கைதூக்குங்கன்னு கேட்டாங்கக்கா. எல்லாரும் காலப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் மட்டும், எனக்கு ஒசரம்னா பயம் சார்னு சொன்னேன். சிரிச்சாங்க. பயம்னு சொல்லியாச்சு, இனிமே மறைக்கறதுக்கு என்னா இருக்குதுன்னு கையத் தூக்கிட்டேன்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கம்பெனிக்கே வந்துவிட்டான். மோல்டு அடுக்கியிருக்கும் கொட்டகையில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே முதல் குதி குதித்த கதையைச் சொன்னான். ஆக்ராவில் பயிற்சியாம். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்து கன்னத்தில் அறைகிறதாம். கீழே வயலெல்லாம் சீட்டுக்கட்டைப் பரப்பின மாதிரி தெரிகிறதாம். கதவோரம் நிற்கிற சர்தார்ஜி வாத்தியாரிடம் இவன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், பயமாக இருக்கிறது சார் என்று சொன்னானாம். அவர், எனக்கும்தான் என்று சொல்லிவிட்டு முதுகில் தட்டினாராம்.

“அப்பறம்?”

“அப்பறம் என்னா, குதிச்சிட்டேன். கண்ணத் தொறக்கவே இல்ல. குடை விரிஞ்சி மேல சுண்டி இழுத்துச்சு பாருங்க, பழமலைநாதா, இனிமே ஒருத்தரையும் ஏமாத்த மாட்டேன்னு கத்திட்டேன்.”

“யாருடா அது, நீ ஏமாத்தினவ?” என்று ஒருத்தி கேட்க, கொட்டகையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். நெஞ்சில் குத்தியிருந்த இறக்கை வைத்த வில்லையை ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சட்டை அவனுக்கு அவ்வளவு பொருத்தம்.

அடுத்த லீவில் பெண் பார்த்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் பெண். நானும் போயிருந்தேன். அவளுடைய அப்பா, சித்தப்பா எல்லாரும் பெரிய பேச்சுக்காரர்கள். பாம்பை அடித்தது, திருடனைப் பிடித்தது என்று வீரப் பிரதாபமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தானும் ஏதாவது எடுத்து விடுவான் என்று எதிர்பார்த்தார்கள் போல. இவன் வாயே திறக்கவில்லை. பெண்ணிடம் தனியாகப் பேசட்டும் என்று விட்டார்கள். அஞ்சு நிமிஷத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

கல்யாணமாகி வந்து, அவளும் எங்கள் கம்பெனியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு எடுக்க ஆரம்பித்த பிறகு அதைக் கேட்டேன். “என்னாதான் சொன்னான் அன்னிக்கி?”

“எனக்கு பயமா இருக்குது, ஒங்களுக்குன்னு கேட்டாருக்கா. எனக்கும்தான்னேன். சரி, அப்ப ரெண்டு பேருமே பயந்துக்கிட்டே இருப்போம்னாரு.” சொல்லிவிட்டுப் பொம்மையைத் திருப்பி வைத்தாள். “எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் பெரிய வீரனுங்கக்கா. ஒருத்தன் வாயிலேந்தும் ஒரு நெஜம் வராது. இவரு நெஜம் பேசுறாரு.”

அதிகம் பேசாத பெண். ஆனால் கை மட்டும் பறக்கும். அவன் கிளம்பிப் போனதும் ஒரு வாரம் முகம் தொங்கிக் கிடக்கும். அப்புறம் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவனிடமிருந்து போன் வரும். பூத்துக்காரர் ரோட்டிலிருந்தே இவளைக் கூப்பிட்டுக் கத்துவார். கை நிறையக் களிமண்ணோடு ஓடுவாள். திரும்பி வந்ததும், “என்னாடி சொன்னான்?” என்று கேட்போம்.

“பயமா இருக்குதாம்” என்பாள், முகமெல்லாம் சிரிப்பாக. “அப்பிடிச் சொன்னாருன்னா நல்லா இருக்கறாருன்னு அர்த்தம்க்கா. சொல்லாம இருந்தாத்தான் நான் பயப்படணும்.”

எல்லையில் சண்டை மூண்டுவிடும் போல இருந்த வருஷம் அது. ரெண்டு பக்கமும் பட்டாளத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டீக்கடை ரேடியோவில் அதே பேச்சு. லீவில் வந்திருந்தவனைப் பாதியிலேயே திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று எனக்குக் காய்ச்சல், வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போகவில்லை. வாசலில் வந்து நின்று, “வரேங்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் மட்டும் கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தாள்.

சேதி ஒரு மத்தியானம் வந்தது. தாலுக்கா ஆபீசிலிருந்து ரெண்டு பேர், கூட ஒரு போலீஸ்காரர். அவள் என் பக்கத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். எழுந்து போய் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, “இல்லீங்க, வேற யாராவது இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கையில் எடுத்த பொம்மையைத் துடைத்து முடித்து வைத்தாள். அவள் அம்மா செத்தபோது ஊரைக் கூட்டி அழுத பெண் இவள். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

சென்னையிலிருந்து பட்டாள வண்டியில் கொண்டுவந்தார்கள். வேப்பூர் கூட்டு ரோட்டிலேயே ஜனம் திரண்டு நின்று பூப்போட்டதாம். எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையவே முடியவில்லை. கொடி போர்த்திய பெட்டி. மலையில் நடந்த சண்டை, உடம்பு பார்க்கிற மாதிரி இல்லை, திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி கேட்டுக்கொண்டார். அவன் அம்மா பெட்டி மேல் விழுந்து புரண்டது. இவள் கிட்டேயே போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு வேறு யாருடைய சாவையோ வேடிக்கை பார்ப்பவள் போல நின்றாள்.

அதிகாரி பேசினார். ஆபீஸ்காரர் ஒருத்தர் தமிழில் சொன்னார்: “கொஞ்சமும் பயம் இல்லாமல், எல்லோருக்கும் முன்னால் போனார்.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். “கேட்டீங்களாக்கா? பயம் இல்லாம போனாராம்.” அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. “அவரு பயப்படாம எங்கயாவது போவாரா? இது அவரு இல்லக்கா. மாத்திக் கொண்டாந்துட்டாங்க.”

மணிமுத்தாற்றங்கரையில் துப்பாக்கி முழங்கி எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பிடித்தது சனி. எங்கள் பக்கத்தில் கருமாதியன்றுதான் தாலி வாங்குவது வழக்கம். இவள் முடியாது என்றுவிட்டாள். எவனோ ஒருத்தன் செத்ததற்கு நான் ஏன் தாலியைக் கழற்ற வேண்டும் என்று மாமியாரையே கேட்டாள். அது பாவம், பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷி, எழுந்து உள்ளே போய்விட்டது. ‘அந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று கருமாதியைத் தள்ளி வைத்தார்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? படத்திறப்பு என்று பாலக்கரையில் மேடை போட்டார்கள். மைக்கைப் பிடித்தவன் ஒவ்வொருத்தனும், பயம் என்றால் என்னவென்றே தெரியாத மாவீரன் என்று தொண்டை கிழியக் கத்தினான். நல்ல எண்ணத்தில்தான் பேசினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பேச்சும் அவளுக்கு ஒரு சாட்சியாகப் போய்விட்டது. அதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். பெண்கள் ஜாடை மாடையாகப் பேசினார்கள். “புருஷன் போயி ஈரம் காயல, பூவப் பாரு” என்றாள் ஒருத்தி. அவளை அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டால் இவள் தலை தன்னால் அந்தப் பக்கம் திரும்பும். அதை என்னால் சகிக்க முடியவில்லை. எத்தனை காலத்துக்கு இப்படித் திரும்பிக்கொண்டே இருப்பாள்? இந்தப் பெண் இப்படியே கிழவியாகிவிடுவாளோ என்று பயந்தேன்.

அப்போதுதான் ஒரு பையன் வந்தான். வேலூர்ப் பக்கம், எங்கள் பட்டாளத்தானோடு ஒரே பிரிவில் இருந்தவன், வயசில் சின்னவன். லீவில் வந்த கையோடு, இந்த வீட்டாரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை. அவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நானும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம்.

“அன்னிக்கி நீங்க கூட இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

“இருந்தேங்க அண்ணி.”

“எப்பிடிப் போனாரு?”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “சிங்கம் மாதிரி போனாருங்க அண்ணி. பயம்ங்கறதே இல்ல. சிரிச்சிக்கிட்டே போனாரு.”

அவள் தலையை ஆட்டினாள். “சரிங்க” என்றாள். டீ போட அடுப்படிக்குப் போனாள். போகும்போது அவள் நடையில் ஒரு நிம்மதி. எனக்குப் பொறுக்கவில்லை. பையனைக் கையைப் பிடித்து வெளியே தெருக்குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“தம்பி, ஒங்கள கும்புட்டுக் கேக்கறேன். நெஜத்தச் சொல்லுங்க. அவன் பயந்தானா?”

அவன் முகம் கறுத்துவிட்டது. “என்னாக்கா கேக்கறீங்க? செத்துப் போனவர அப்பிடிச் சொல்லுவாங்களா? ஊரு என்னா பேசும்?”

“ஊரு கெடக்குது மசுரு. உள்ள இருக்கறவ அவன் சாவல, வேற எவனோன்னு நம்பிக்கிட்டு இருக்கறா. பயப்படாம போனான்னு நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லியே அவள இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டீங்க. அவன ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அந்தப் பையன் குழாய்த் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “தெரியுங்க்கா” என்றான். “எல்லாருக்கும் தெரியும். சொல்லிட்டுத்தான் கெளம்புவாரு.”

“அத உள்ள வந்து சொல்லுங்க.”

சொன்னால் அவள் என்ன ஆவாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதையும் பிடுங்கப் போகிறோம். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். பையன் உட்காரவில்லை. “அண்ணி, நான் பொய் சொல்லிட்டேன்” என்றான். “அண்ணன் பயந்தாருங்க.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “என்னா சொன்னாரு? சொன்னத அப்பிடியே சொல்லுங்க.”

“விடிஞ்சும் விடியாத நேரம். பனி. மேல ஒரு கல்லு வூடு, அதுக்குள்ள எதிரிங்க இருந்தானுங்க. பாறைச் சந்துல ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் ஏற முடியும். மொதல்ல அண்ணன், ரெண்டாவது நான். ஏறப் போறப்ப திரும்பி எங்கிட்ட, தம்பி, பயமா இருக்குதுடான்னாரு.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டது. அவள் கண் கொட்டாமல் பையனையே பார்த்தாள்.

“அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் ஆவாதுண்ணே, போங்கன்னு சொன்னேன் அண்ணி. நாந்தான் போங்கன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு ரெண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். சீருடை போட்டு மலை ஏறுகிற ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

அவள் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிச்சிக்காதீங்க தம்பி. நானும் அதையேதான் சொன்னேன். ஜங்ஷன்ல, ரயிலு கெளம்பப் போவுது, ஏறாம நின்னுக்கிட்டே இருந்தாரு. பயமா இருக்குதுன்னாரு. எப்பவும் சொல்லுறதுதானேன்னு, ஒண்ணும் ஆவாது, ஏறுங்கன்னு நாந்தான் முதுகுல கைவெச்சி ஏத்தி வுட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். சேதி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.